உணர்ச்சி இல்லாத ஊர்

மூன்று ஆண்டுகளுக்கு முன், குருண் என்ற சிறுபட்டணத்துக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றின் பொது மண்டபத்தில் நடந்தது இது. என் எழுத்தைப் படித்துவிட்டு ஒரு ஊரே திரண்டு வந்தது. பொறாமைப்படாதீர்கள், வந்தது என்னை உதைக்க.

தோட்டத்துக்குப் பின்னால் உள்ள குன்றில் வெடி வைத்துக் கல் உடைக்கும் குவாரி வருவதாக இருந்தது. அனுமதி கிடைக்கும் முன் காற்று, தண்ணீர், மனிதர் எல்லாவற்றுக்கும் என்ன கெடுதல் வரும் என்று ஆராய்ந்து சுற்றுச்சூழல் அறிக்கை எழுத வேண்டும். ஊர் மக்களைக் கூப்பிட்டுக் கருத்தும் கேட்க வேண்டும். அந்த வரைவு அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் தர ஆள் தேடினார்கள். நான் திகாம் பத்து என்ற ஊரில் காப்புறுதி விற்பவன். ஞாயிறு பத்திரிகையில் நாலு நகைச்சுவைக் கட்டுரை எழுதிய பாவத்துக்கு என் பெயரை யாரோ சொல்லிவிட்டார்கள்.

எல்லாம் சரியாகத்தான் போனது, ‘சென்சிடிவ் ரிசெப்டர்’ என்ற சொல் வரும் வரை. குன்றைச் சுற்றி அப்படி எதுவும் இல்லை என்றது அறிக்கை. அகராதி ‘உணர்திறன் ஏற்பிகள்’ என்றது. ஏற்பியாவது கோப்பியாவது, மக்களுக்குப் புரிகிற தமிழில் எழுதுவோம் என்று எனக்குள் இருந்த எழுத்தாளன் மீசையை முறுக்கினான். ‘இவ்வட்டாரத்தில் உணர்ச்சியுள்ளவர்கள் யாரும் இல்லை’ என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். ஓட்டம் நன்றாக இருந்தது.

தாள் கோயில் பலகையில் ஒட்டப்பட்டது. அங்கிருந்து வாட்சாப்புக்குப் போனது. நானோ, சனிக்கிழமை நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் மொழிபெயர்ப்பாளராகவும் உட்காரச் சம்மதித்திருந்தேன்.

இப்படிப்பட்ட கூட்டங்களுக்கு வழக்கமாக ஊர்த் தலைவர், அவர் மச்சான், இலவச நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்துக்காக வருகிற ஓரிருவர், இவ்வளவுதான் கூட்டம். அன்று மண்டபத்தை நெருங்கும்போதே மோட்டார் சைக்கிள்கள் சாலை வரை நின்றன. உள்ளே நாற்காலி போதாமல் சன்னல் மேலெல்லாம் ஆட்கள். அறிக்கை தயாரித்த குழுவிலிருந்து வந்திருந்த இளம் மலாய்ப் பெண் அதிகாரிக்கு முகமெல்லாம் பூரிப்பு. “சுற்றுச்சூழல் மேல் உங்கள் ஆட்களுக்கு இவ்வளவு அக்கறையா!” என்று என்னிடம் மலாயில் வியந்தார்.

குருண் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கும் ஓர் அக்கா தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“எங்களுக்கு உணர்ச்சி இல்லன்னு எழுதுனது யாருலா? எம் புருசனுக்கு இல்லன்னு எழுதுங்க, நானே சைன் போட்டுத் தரேன். எனக்கு இல்லன்னு எப்படி எழுதலாம்?”

மண்டபமே அதிர்ந்தது. பின்வரிசையில் புருசன் கையைத் தூக்கி, “உணர்ச்சி இருந்துச்சு, கல்யாணத்துக்கு முந்தி!” என்றார். சிரிப்பும் கோபமுமாக ஒரே கூச்சல்.

என்ன சொல்கிறார்கள் என்று அதிகாரி கேட்டார். தங்களுக்கு உணர்ச்சி உண்டு என்கிறார்கள் என்றேன். அவர் குழம்பிப்போய்ப் பொறுமையாக விளக்கினார். சத்தமும் தூசியும் முதலில் தாக்குகிற இடங்களைத்தான் அந்தச் சொல் குறிக்கும். வீடு, பள்ளி, குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கிற இடம். அவை பக்கத்தில் இருந்தால் வெடியைத் தள்ளி வைக்க வேண்டும். இல்லையென்றால் குன்றின் இந்தப் பக்கமே உடைக்கத் தொடங்கலாம்.

காது மடல் சுட, தப்பு என்னுடையது என்று ஒலிபெருக்கியில் ஒப்புக்கொண்டு விளக்கத்தையும் தமிழில் சொன்னேன். கேலி வரும் என்று குனிந்துகொண்டேன். எல்லாரும் தாளைத்தான் மறுபடி பார்த்தார்கள்.

அக்காதான் மெதுவாகக் கேட்டார். “அப்ப... எங்க வீடு இல்லன்னா எழுதிருக்காங்க?”

அதிகாரி திரையில் வரைபடத்தைக் காட்டினார். குன்றின் அடிவாரம் முழுக்கப் பச்சை. தோட்டத்து லயக் குடியிருப்பை விட்டு வந்தவர்களுக்குக் கட்டிக் கொடுத்த இரண்டு வரிசை வீடுகள் அதில் இல்லை. வரைபடம் அந்த வீடுகளைவிட மூத்தது. என் தப்பு மொழிபெயர்ப்பு வெறும் அவமானம்தான். அறிக்கையின் சரியான பொருளோ அந்த ஜனங்களையே மண்ணோடு மண்ணாக அழித்திருந்தது.

“வீடு இருக்கா இல்லியான்னு கண்ணால பாக்கச் சொல்லுங்கண்ணே!” என்றார் அக்கா என்னிடம்.

நான் மொழிபெயர்க்குமுன்பே அதிகாரிக்குப் புரிந்துவிட்டது. “ஜோம்!”, போகலாம் என்று அவர் எழுந்தார். அக்காவின் மோட்டாரில் பின்னால் ஏறிக்கொண்டார். நான் அக்கா புருசனின் பின்னால் ஏறி அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். செம்பனைகளுக்கு நடுவே செம்மண் பாதையில் அத்தனை மோட்டார்களும் ஹாரன் அடித்துக்கொண்டு பறந்தன. பல வருடங்களுக்குப் பிறகு எனக்கு உடம்பு சிலிர்த்தது. பாதி பயம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் வீடு தெரிந்ததும் அக்கா கையை உயர்த்தினார்.

“எஞ்சின ஆஃப் பண்ணுங்கலா! மொத வீட்டுல பச்சப்புள்ள தூங்குது!”

ஒன்றன்பின் ஒன்றாக எஞ்சின்கள் அணைந்தன. சற்று முன்பு மண்டபத்தைப் பெயர்த்த அதே கூட்டம் மோட்டார்களை ஓசைப்படாமல் தள்ளிக்கொண்டு நடந்தது. ஏன் என்று அதிகாரி என்னைக் கேட்டார். கிசுகிசுப்பாகச் சொன்னேன். அவர் அந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இடம் குறிக்கும் கைக்கருவியை எடுத்து வரைபடத்தில் முதல் புள்ளியைக் குறித்தார்.

அதற்குப் பின்தான் அமளி. “எங்க வீட்டையும் போடு!”, “கோயிலை உட்றாத!”, “எங்க மாமியாரையும் குறிச்சுக்க, அதுக்கு ரொம்ப சென்சிடிவ்!” எல்லாம் கிசுகிசுப்பிலேயே.

அறிக்கை திரும்பப் போய் மறுபடி எழுதப்பட்டது. குவாரி வந்தது, ஆனால் குன்றின் அந்தப் பக்கம். பகலில் சைரன் ஊதிவிட்டுத்தான் வெடிக்கிறார்கள். அந்தப் பச்சைப்பிள்ளை இப்போது சைரன் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு வாசலில் குதிக்கிறது. என்னைக் கண்டால் “வாங்க, உணர்ச்சி சார்!” என்கிறார்கள். நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

அன்று அகராதி சொன்னதையே எழுதியிருந்தால் அந்தத் தாளை யாரும் படித்திருக்க மாட்டார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வதுண்டு. ஆனால் இன்றும் எந்தத் தாளிலாவது ‘இங்கு யாரும் இல்லை’ என்று படித்தால், செம்பனைகளுக்கு நடுவே ஒவ்வொன்றாக அணைந்த அந்த எஞ்சின்கள்தான் என் காதுக்குள் கேட்கின்றன.