அடையாளம் தெரியாத வாகனம்

களிமண் என்று பெயரே தவிர அது மண் இல்லை. சோப்புக் கட்டி அளவில், வெளிர் மஞ்சள் நிறத்தில், பிசைந்தால் வளைந்துகொடுக்கும் ஒரு பொருள். காரைக் கழுவிய பிறகு வழுவழுப்பான ஒரு நீரைத் தெளித்து, அந்தக் கட்டியை உள்ளங்கையில் தட்டையாக்கி, பெயின்ட்டின் மேல் அழுத்தாமல் இழுக்க வேண்டும். தொழிற்பேட்டைப் பக்கமிருந்து பறந்து வரும் இரும்புத் தூள், மரத்துப் பிசின், யாரோ கேட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது காற்றில் வந்த துளி என்று துணிக்கு மசியாததெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஒரு பக்கம் அழுக்கானால் மடித்துப் பிசைந்து புதுப் பக்கத்தை வெளியே எடுக்க வேண்டும். முதலில் சரசரவென்று ஒரு சத்தம் வரும். அது நின்றுவிட்டால் அந்த இடம் சுத்தமாகிவிட்டது என்று பொருள்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் எதிர் வீட்டுக்காரர். அயனம்பாக்கத்தில் ஏரிக்குச் சற்றுத் தள்ளி எங்கள் குடியிருப்பு. அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், கணினி நிறுவனத்தில் வேலை, மனைவி, சின்னப் பெண் குழந்தை. கார் வாங்கிய முதல் வருடக் கோடையில், திறந்தவெளியில் நிறுத்தி நிறுத்தி பெயின்ட் சொரசொரத்துவிட்டது என்று அந்தக் கட்டியை வரவழைத்திருந்தார். நான் காய்கறிப் பையோடு வந்துகொண்டிருந்தேன். அழைத்துக் காட்டினார்.

வெறும் கையால் பானெட்டைத் தடவச் சொன்னார். வழுவழுப்பாகத்தான் இருந்தது. பிறகு மெல்லிய பிளாஸ்டிக் கவர் ஒன்றுக்குள் கையை விட்டுத் தடவச் சொன்னார். கவருக்குள் விரல்கள் வேறு மாதிரி உணர்ந்தன. வறுத்த ரவையைத் தொடுவது போல மணி மணியாக இருந்தது. கட்டியை ஓட்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. கண்ணுக்கும் வெறும் விரலுக்கும் தெரியாதது ஒரு கவரைப் போட்டால் தெரிகிறதே என்று நான் ஆச்சரியப்பட்டேன். வருடத்துக்கு ஒரு தடவை செய்தால் போதும், அதற்கு மேல் செய்தால் பெயின்ட்டுக்குக் கெடுதல் என்றும் அவரே சொன்னார்.

அந்த ஐப்பசி மழைக்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவர் அதைச் செய்யத் தொடங்கினார்.

என் வீட்டு பால்கனிக்கு நேர் கீழே அவர் காரை நிறுத்தும் இடம். நான் ஒரு நாளிதழில் நீண்ட காலம் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவள். பார்த்ததை ஒழுங்காகப் பார்க்கும் பழக்கம் விடவில்லை. இரண்டாவது ஞாயிறே கவனித்தேன். கார் முழுவதும் அவர் செய்யவில்லை. இடது முன்பக்கம் மட்டும். முகப்பு விளக்குக்கு மேலே, பானெட் மடங்கும் விளிம்பு. தண்ணீர் தெளித்து இழுப்பார், கவருக்குள் கையை விட்டுத் தடவுவார், தலையைச் சாய்த்துக் கேட்பது போல நிற்பார், மறுபடி இழுப்பார்.

குடியிருப்பில் இதைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. காருக்கு வாராவாரம் நலங்கு வைக்கிறார் என்றார்கள். வாட்ச்மேன் ஒரு நாள் குழாயடியில் நின்றபடி, "இன்னா சார், பொண்ணு பாக்கப் போவுதா வண்டி?" என்று கேட்டார். முதலில் அவரும் சேர்ந்து சிரித்தார். கார்த்திகையில் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

ஒரு ஞாயிறு மதியம் என் வீட்டு மணியை அடித்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அக்கா, நீங்க பேப்பர்லதானே இருந்தீங்க. ஆக்சிடென்ட் நடந்தா எல்லாமே பேப்பர்ல வந்துருமா?"

எதற்கு என்று கேட்டேன். அதன் பிறகுதான் உட்கார்ந்தார்.

மழை தொடங்கிய வாரத்தில், திருவேற்காடு கோயிலுக்குப் போய்விட்டு மூவரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பொழுது சாய்கிற நேரம். ஏரிக்கரைச் சாலையில் விளக்கு எரியவில்லை. நல்ல மழை. குழந்தை பின்னால் தூங்கிவிட்டது, மனைவி பக்கத்தில். இடது முன்பக்கம் ஏதோ பட்டது. பெரிய சத்தம் இல்லை என்றார். ஈரத் துணியைச் சுவரில் அடித்தது போல. பின்னால் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே வந்ததால் உடனே நிறுத்த முடியவில்லை. சற்றுத் தள்ளி ஓரங்கட்டிவிட்டு, குடையோடு திரும்பி நடந்தார். யாரும் இல்லை. கரையின் சரிவில் செல்போன் வெளிச்சத்தைப் பாய்ச்சினார். புல்லும் தண்ணீரும்தான். சாலையில் தேங்கிய நீரில் பொரி மிதந்துகொண்டிருந்தது. வெள்ளைப் பொரி, நிறைய. அப்போதுதான் கொட்டியதா, முன்பே கிடந்ததா என்று அவரால் சொல்ல முடியவில்லை. காருக்குத் திரும்பியபோது மனைவி சொன்னாள், நாய்தான், அந்தப் பக்கம் ஓடியதை நான் பார்த்தேன் என்று. ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

காலையில் காரைப் பார்த்தார். ஒடுக்கு இல்லை, கீறல் இல்லை. ஆனால் கவருக்குள் கையை விட்டுத் தடவியபோது அந்த விளிம்பில் ஒரு சொரசொரப்பு தட்டியது. களிமண்ணை ஓட்டினார். போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை.

"ஒரு மணல் மாதிரி, அக்கா. அவ்வளவுதான். ஆனா இருக்கு."

செய்திப்பிரிவில் என் மேசைக்கு வரும் சிறு செய்திகளில் விபத்துகள்தான் அதிகம். பூந்தமல்லி நெடுஞ்சாலை, ஆவடி சாலை, புறவழிச்சாலை. சாலையைக் கடக்க முயன்றபோது அடையாளம் தெரியாத வாகனம் மோதியதில் சம்பவ இடத்திலேயே பலி. இந்த வரியை நான் எத்தனை முறை திருத்தி அனுப்பியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. இறந்தவரின் வயது சரியா, ஊர் சரியா என்று பார்ப்பேன். அந்த வாகனத்தை நினைத்துப் பார்த்ததில்லை. அது எங்கோ ஒரு குடியிருப்பில், கழுவித் துடைத்து, குழந்தையின் ஜன்னல் திரையோடு நின்றுகொண்டிருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

எல்லாம் வராது என்று அவரிடம் சொன்னேன். உயிர் போனால் பெரும்பாலும் வரும். கால் உடைந்தால் வராது. எழுந்து நடந்து போய்விட்டால் கட்டாயம் வராது. அந்தப் பகுதிச் செய்திகளைப் பார்க்கும் பழைய நண்பர் ஒருவரிடம் விசாரித்தும் சொன்னேன். அந்த வாரம் ஏரிக்கரைச் சாலையில் எதுவும் பதிவாகவில்லை. இதைக் கேட்டதும் அவர் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன்.

"நடக்கலைன்னு அர்த்தமா, அக்கா? இல்ல, யாரும் சொல்லலைன்னு அர்த்தமா?" என்று கேட்டார்.

அந்த இடத்துக்கு ஒருமுறை போய்க் கேட்டுவிடலாம் என்று நான்தான் சொன்னேன். ஒரு காலையில் போனோம். ஏரி நிரம்பிக் கிடந்தது. கரைக்கு எதிரே நீலத் தார்ப்பாய் போட்ட ஒரு டீக்கடை. நடத்துகிற அம்மா பாலை ஆற்றிக்கொண்டே பேசினார். மழை பெய்த மாலை, விளக்கு இல்லாத நாள், இந்த இடத்தில் யாராவது அடிபட்டார்களா என்று எதிர் வீட்டுக்காரர் கேட்டார். எந்த மழை என்றார் அந்த அம்மா. பொரியைப் பற்றிச் சொன்னோம்.

"பொரி கெடந்துச்சின்னா பாடி போயிருக்கும். சுடுகாட்டுக்கு இப்டிதான போவுணும், பொரி எறைச்சிகினேதான் போவாங்க. இல்லன்னா எவனாச்சும் மீனுக்குப் போட வாங்கினு வந்திருப்பான்."

வாங்கிக்கொண்டு வந்த ஆளை யாராவது பார்த்தார்களா என்று கேட்டார் இவர். நாய் அடிபடும், கன்றுக்குட்டி அடிபடும், குடித்துவிட்டு விழுந்தவனும் அடிபடுவான், எழுந்து துடைத்துக்கொண்டு போவான் என்றார் அந்த அம்மா. அன்று யார் என்று தமக்கு ஞாபகம் இல்லை என்றார். இவர் மறுபடி அதையே வேறு விதமாகக் கேட்டார். அந்த அம்மா பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"நைனா, உனுக்கு இப்ப நான் இன்னா சொல்லணும்? நாயின்னு சொல்லணுமா, ஆளுன்னு சொல்லணுமா? எதுன்னு சொல்லு, அத்த சொல்றேன். கேட்டுகினு ஊட்டுக்குப் போ."

கோபமாகச் சொல்லவில்லை. தலைவலிக்கு மாத்திரை வேண்டுமா என்று கேட்பது போல இருந்தது. இவர் டீயைக் குடித்து முடித்தார். திரும்பும்போது ஏரிக்கரை முடியும்வரை கார் நடை வேகத்தில்தான் போனது. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள்.

அந்த வாரத்தில் ஒரு மாலை, மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் மனைவியும் வந்தாள். மழை வருமா என்று பேசினோம். கிளிப்புகளைக் கழற்றி வாளியில் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அக்கா, நான் நாயைப் பாக்கவே இல்ல."

செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது கண்ணாடியில் வைப்பர் போய் வருவதுதான் தெரிந்ததாம். கணவர் நனைந்து திரும்பி வந்தபோது அவரால் சாவியைத் திருப்ப முடியவில்லை, குழந்தை பின்னால் எழுந்துகொண்டது. எப்படியாவது அங்கிருந்து கிளம்ப வேண்டும் என்று நாய் என்று சொல்லிவிட்டாள். அன்று இரவு அவர் தூங்கியதற்கு அந்த நாய்தான் காரணம். இப்போது அதை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்டாள். அவரிடம் சொல்லிவிடாதீர்கள் என்றாள். சொல்ல மாட்டேன் என்றேன்.

அடுத்த ஞாயிறு அவர் கீழேயிருந்து என்னைக் கூப்பிட்டார். போனேன். கவரைக் கையில் தந்து, இந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள் என்றார்.

நான் தொட்டேன். விளக்குக்கு மேலிருந்து கண்ணாடிக்குக் கீழ் வரை, மெதுவாக, விளிம்பின் அடிப்பக்கம் உட்பட. கண்ணை மூடிக்கொண்டும் தடவினேன். அவர் மூச்சு விடும் சத்தம் பக்கத்தில் கேட்டது. ஒரு பொடிகூட இல்லை. இல்லை என்று சொன்னேன். அது உண்மை. இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பது எனக்குத் தெரியாது.

"சரிக்கா," என்றார். கட்டியை மடித்துப் பிசைந்துகொண்டே இருந்தார். அது இப்போது வெளிர் மஞ்சள் இல்லை. சாம்பல் கலந்த ஒரு நிறம்.

"அவகிட்ட நாய் என்ன கலர்னு கேட்டேன், அக்கா. பழுப்புன்னா. பத்து நாள் கழிச்சு சும்மா பேச்சுவாக்குல கேட்டேன். கறுப்புன்னா. அதுக்கு மேல நான் கேக்கல." கட்டியை இன்னொரு தடவை மடித்துவிட்டு, "எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிராதீங்க," என்றார்.

அதற்கும் சரி என்றேன்.

அப்போதுதான் அந்த இடத்தைக் கண்ணால் பார்த்தேன். தெளிக்கும் நீர் தீர்ந்து வெறும் தண்ணீரில் இழுத்திருக்கிறார். கட்டி தரையில் விழுந்திருக்கிறது, மண் ஒட்டிய அதையே எடுத்து ஓட்டியிருக்கிறார். கருநீலக் கார் அது. இடது முன்பக்கம் மட்டும் பளபளப்புப் போய், புரை விழுந்த கண்ணைப் போல வெளுத்திருந்தது. அம்பத்தூரில் பாலீஷ் போடும் கடைகள் இருக்கின்றன, சரிசெய்துவிடலாம் என்றேன்.

"இருக்கட்டும்க்கா. இப்ப பாத்தா தெரியும்லா."

யாருக்குத் தெரிய வேண்டும் என்று கேட்டேன். குனிந்து வாளியை எடுத்தார். அந்தக் கட்டியைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு மேலே போனார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே அந்தச் சரசரப்பு கேட்கவில்லை. பழகிப்போயிருந்ததால், அந்த நேரத்துக்கு நான் பால்கனிக்கு வருவதும் காதைக் கொடுப்பதும் சில வாரங்கள் நிற்கவில்லை.

தை பிறந்த பிறகு ஒரு நாள் ஏரிக்கரையில் நடந்தபோது டீக்கடை அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். உங்கள் தம்பி தினமும் வருகிறார் என்றார். சாயங்காலம் வேலை முடிந்து வரும் வழியில் நிறுத்துவாராம். வெளுத்துப்போன பக்கம் சாலையைப் பார்க்க இருக்கும்படி வண்டியைத் திருப்பி நிறுத்துவாராம். ஒரு டீ குடிப்பாராம். அந்த அம்மாவிடம் தம் செல்போன் எண்ணைக் கொடுத்து வைத்திருக்கிறார். யாராவது கேட்டு வந்தால் இந்த வண்டி என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்.

"நானும் வர்றவன் போறவன் கையில எல்லாம் கேட்டுகினுதான் கீறேன். யாரும் வர்ல. வந்தா ஃபோன் பண்றேன்னு சொல்லிகீறேன். இன்னா பண்றது?"

போன வாரம் காலையில் பால்கனியில் நின்றிருந்தேன். எங்கள் கேட்டுக்கு வெளியே ஒரு ஆள். ஐம்பது வயது இருக்கும். கைப்பை ஒன்று தோளில். லேசாக ஒரு காலைத் தாங்கி நடந்தார், அல்லது எனக்கு அப்படித் தெரிந்தது. கேட்டின் கம்பி வழியே உள்ளே பார்த்தார். வரிசையில் நின்ற கார்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர் அந்தக் கருநீலக் காரில் நின்றார். அதன் முன்பக்கத்தைப் பார்த்தார். எவரும் பார்ப்பார்கள். அங்கே நிற்பதில் அது ஒன்றுதான் அப்படி இருக்கிறது.

எதிர் வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. படியில் வேகமான காலடி. செருப்புக்கூடப் போடாமல், பாதி சவரத்தில், கன்னத்தில் நுரையோடு அவர் கேட்டை நோக்கிப் போனார். பக்கத்தில் போனதும் நடை தளர்ந்தது. சட்டையைக் கீழே இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"சொல்லுங்க. நான்தான். என் வண்டிதான்."

வந்தவர் காரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். மேலே ஒரு வீடு வாடகைக்கு இருப்பதாக வெளியே போர்டு பார்த்தேன், யாரைக் கேட்க வேண்டும் என்றார்.

வாட்ச்மேன் வந்து அவரை அழைத்துக்கொண்டு போனார். எதிர் வீட்டுக்காரர் கேட்டின் கம்பியைப் பிடித்தபடி நின்றார். கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது. மேலே அவர்கள் வீட்டு பால்கனியில் அவர் மனைவி நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். வீடு பார்க்க வந்தவர் திரும்பி வரும்வரை எதிர் வீட்டுக்காரர் அங்கேயே நின்றார். அந்த ஆள் வெளியே போகும்போது அவர் நடையைப் பார்த்தார். தெரு முனை திரும்பி மறையும்வரை, அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.