அவர் பற்றவைப்பார், நான் உடைப்பேன்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், புனேயில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரே கம்பெனியில் எங்கள் இருவருக்கும் வேலை. என் கணவர் லேசரால் எஃகுத் தகடுகளைப் பற்றவைப்பார். சோதனைக்கூடத்தில் நான் அவற்றை உடைப்பேன். கல்யாணமான புதிதில் அவர் புனேயிலும் நான் கோவையிலுமாக அல்லாடி, அப்புறம்தான் புனேயில் சாங்விப் பக்கம் ஒரு வீடு பிடித்தோம்.

அந்தச் சமயத்தில் கார்க் கதவுக்கு ஒரு புதுவகை உறுதியான எஃகு வந்தது. வெல்டு தேறாவிட்டால் அந்த வேலை சென்னைக் கிளைக்குப் போகும், அவரும் கூடவே போக வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மறுபடியும் தனித்தனி வீடா?

சோதனை எளிது. மெஷின் தகட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, கீழிருந்து ஓர் இரும்புக் குண்டு அழுத்தும். தகடு கிண்ணமாக உப்பி, கடைசியில் விரிசல் விடும். விரியாத தகடு கிடையாது. எவ்வளவு தாங்கியபின், எங்கே விரிகிறது என்பதுதான் பேச்சு. அவருடைய தகடு கொஞ்சம் உப்பியதுமே விரிந்தது. வெல்டில் அல்ல, அதற்குப் பக்கத்தில். மனசே இல்லாமல் ஃபெயில் என்று எழுதினேன்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வழக்கம்போல ஜன்னல் சீட்டை எனக்கு விட்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் மராத்தி, சண்டை போடத் தமிழ் வசதி.

"லேசரை எத்தனை மெதுவா ஓட்டுனீங்க?"

"நிதானமாப் போனாத்தானே நல்லாப் பிடிக்கும்?"

பழைய வெல்டிங்கில் பழகியவர்கள் செய்கிற தப்பு. இந்த மனிதர் ஷூ லேஸ் கட்டி முடிப்பதற்குள் நான் ஒரு குழம்பே வைத்துவிடுவேன்.

"வெல்டு கெட்டியாத்தான் இருக்குதுங்க. மெதுவாப் போனா சூடு பரவி, பக்கத்துல இருக்கற எஃகுக்குப் பலம் போயிருது. ஒரு தடவையாச்சும் அவசரப்படுங்களேன்!" சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"நீ பாஸ் போட்டிருந்தீன்னாத்தான் எனக்கு வருத்தமா இருந்திருக்கும்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் லேசரை வேகமாக ஓட்டினார். தகடு உப்பியது, இன்னும் உப்பியது. கடைசியில் வெல்டுக்குக் குறுக்கே விரிந்தபோது, வேண்டிய அளவைத் தாண்டியிருந்தது. மெஷினை நிறுத்திவிட்டு பாஸ் என்று எழுதினேன்; வேலை புனேயிலேயே நின்றது.

மேனேஜரிடம் கேட்டு வாங்கி வந்த, உப்பிய அந்தத் தகடுதான் இன்றும் எங்கள் சாமி அலமாரியில் குங்குமக் கிண்ணம். விரிசல் வழியாகக் குங்குமம் கொஞ்சம் கொட்டிக்கொண்டே இருக்கும். தினமும் அதைத் துடைப்பது அவர் வேலை. மெதுவாகத்தான் துடைக்கிறார், நான் அவசரப்படுத்துவதில்லை.