பெயரைத் துடைக்க வேண்டாம் என்ற சிவகுரு அண்ணை

செய்தி வந்தபோது நான் அமைச்சுக் கட்டடத்தின் வரவேற்பறையில் இருந்தேன். மேசையில் இரண்டு விருந்தினர் அட்டைகளை அச்சிட்டு வைத்திருந்தார்கள். ஒன்றில் என் பெயர், மற்றதில் சிவகுரு அண்ணையின் பெயர். வைத்தியசாலையில் அனுமதி கேட்டுக்கொண்டு ஒரு மணித்தியாலம் வந்து போவதாக முதல்நாள் சொல்லியிருந்தார். தொலைபேசியில் அவருடைய மனைவி பவளம் அக்கா பேசினார். "தங்கச்சி, அவர் இண்டைக்கு விடியக்காலமை போயிட்டார். நீ உடனை இஞ்சை ஓடி வராதை. கூட்டத்தை முடிச்சுப்போட்டு வா. அவர் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்."

முடித்துவிட்டுத்தான் போனேன். அமைச்சின் ஆலோசகர் கைகொடுத்தார், மற்றவர் எங்கே என்று கேட்டார். இறந்துவிட்டார் என்றேன். வருத்தம் தெரிவித்தார். பிறகு, நிறுவனங்களின் உண்மையான உரிமையாளர்களைப் பெயர் சொல்லிப் பதிவுசெய்தால் அது வணிகர்களுக்கு எவ்வளவு பெரிய சுமை என்று விளக்கத் தொடங்கினார். அந்த மேசையை ஒரு முறை ஓங்கி அடிக்காமல் வந்ததற்காக இன்றும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

அண்ணையைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். தெரிந்திருந்தும் கோயில் வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்களுக்கும் சேர்த்துத்தான். 'அமைதியானவர், எல்லோருக்கும் நல்லவர்' என்று நீங்கள் துண்டுப் பிரசுரம் அடித்திருந்தீர்கள். பச்சைப் பொய். அவர் அமைதியானவரும் இல்லை, எல்லோருக்கும் நல்லவரும் இல்லை. ஒரு மனிதரைப் பழிவாங்க வேண்டும் என்று ஏழெட்டு வருடம் விடிய எழும்பியவர். அதற்காகத்தான் நான் அவரை மதித்தேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ஒஸ்லோவில் பாடசாலைகளைத் துப்புரவு செய்து, அம்மருட் புறநகரில் அடுக்குமாடி வீடொன்று வாங்கியவர். நம்மவர் ஒருவருடைய துப்புரவு நிறுவனத்தில் மேற்பார்வையாளராக உயர்ந்தார். அந்த நம்மவரை எல்லோரும் முதலாளி என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். முதலாளியின் மகளுடைய சாமத்தியவீட்டில், பூப்பு விழாப் பந்தி நடந்துகொண்டிருந்தபோது, முதலாளி ஒரு தாளை நீட்டினார். "பேருக்கு ஒரு கையெழுத்து அண்ணை. உங்களை கொம்பனி டிரெக்டர் ஆக்கிறன்." அண்ணை இதை எனக்குச் சொல்லும்போது சிரிப்பார். "கையைக் கழுவிப்போட்டு வந்து வைச்சனான், தங்கச்சி. வாசிக்கேல்லை. அவ்வளவு சந்தோசம். ஆள் என்னை மதிச்சிட்டான் எண்டு நினைச்சன்."

அந்த நிறுவனம் நகரசபைக் கட்டடப் பொறுப்பாளர் ஒருவருக்குக் கையூட்டுக் கொடுத்துப் பாடசாலை ஒப்பந்தங்களை எடுத்துக்கொண்டிருந்தது. பாதித் தொழிலாளர்கள் பதிவில்லாமல் வேலை செய்தார்கள். பிடிபட்டதும் நிறுவனம் கடனில் மூழ்கி வங்குரோத்தாகியது. பதிவேட்டில் இருந்த ஒரே பெயர் சிவகுரு. நீதிமன்றத்தில் முதலாளி சாட்சிக் கூண்டில் நின்று, தான் இடைக்கிடை ஆலோசனை சொல்லும் நண்பன் மட்டுமே என்றார். அண்ணைக்குத் தண்டனை கிடைத்தது. தண்டனை முடிவதற்குள் அதே வாகனங்கள் புதிய பெயரோடு அதே பாடசாலைகளுக்கு ஓடத் தொடங்கின. புதிய நிறுவனத்துக்கு இன்னொரு ஏமாளி டிரெக்டர்.

நம்மவர்கள் என்ன செய்தார்கள்? விசாரணையில் முதலாளியின் பெயரைச் சொன்னதற்காக அண்ணையைக் காட்டிக்கொடுத்தவன் என்றார்கள். முதலாளி கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தார், மேடைக்கு மேடை பொன்னாடை வாங்கினார். "திருடனுக்குத் தேர் இழுக்கிற சனம்," என்பார் அண்ணை.

கையூட்டுக்கும் கறுப்புப் பணத்துக்கும் எதிராகச் சட்டம் கேட்டு அரசின் கதவைத் தட்டும் சிறிய அமைப்பொன்றில் நான் செயலாளராக இருந்தேன். தலைவி இங்கர், ஓய்வுபெற்ற கணக்காய்வாளர். எங்கள் அலுவலகத்துக்கு ஒரு நாள் அண்ணை இரண்டு பிளாஸ்டிக் பைகளோடு வந்தார். உள்ளே கோயில் திருவிழா மலர்கள், கலைவிழா மலர்கள், பிறந்தநாள் வாழ்த்துகள், கண்ணீர் அஞ்சலிகள். எல்லாவற்றிலும் முதலாளியின் விளம்பரம். நிறுவனத்தின் பெயர், அதன் கீழே அவருடைய படம், படத்தின் கீழே 'உரிமையாளர்'. நோர்வேயின் பதிவேடு எதிலும் இல்லாத உண்மை திருவிழா மலரின் பின்னட்டையில் பல வர்ணத்தில் இருந்தது. "எங்கட ஆக்கள் அரசாங்கத்துக்குப் பேரை ஒளிப்பினம். ஊருக்கு ஒளிக்கமாட்டினம். ஒளிச்சா சபையில ஆர் மதிக்கிறது?" என்றார் அண்ணை. நான் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க, இங்கர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். வாழ்நாள் முழுவதும் கணக்குப் புத்தகங்களைப் புரட்டியவர், இப்படி ஒரு சாட்சியத்தைக் கண்டதில்லையாம்.

அதுதான் எங்கள் வேலைமுறையாகியது. சனிக்கிழமைகளில் அண்ணை தமிழ்க் கடைகளுக்குப் போய் இலவசமாக அடுக்கியிருக்கும் மலர்களையெல்லாம் அள்ளிக்கொண்டு வருவார். திங்கட்கிழமை நான் விளம்பரங்களை மொழிபெயர்ப்பேன். இங்கர் பதிவேட்டோடு ஒப்பிடுவார். எத்தனை பினாமிகள்! மச்சான், மாமி, வேலையில்லாத அயலவர். லில்லெஸ்ட்ரோமில் படுக்கையில் கிடக்கும் ஒரு கிழவர் மூன்று உணவகங்களின் டிரெக்டர்.

பாராளுமன்றக் குழுவொன்று எங்களைக் கருத்துச் சொல்ல அழைத்தபோது அண்ணையைப் பேசவைத்தோம். ஒரு அமைப்புக்குச் சில நிமிடங்கள்தான். அவர் தனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் பேசினார். "இது என் கையெழுத்து. நான் குற்றவாளி. இது அவருடைய படம். அவர் உரிமையாளர் என்று அவரே எழுதியிருக்கிறார். உங்களுடைய பதிவேட்டில் ஏன் இதற்கு ஒரு பெட்டி இல்லை?" ஒரு உறுப்பினர் அந்த மலரை வாங்கிப் பார்த்து, பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். நேரம் முடிந்துவிட்டது என்று மணி அடித்தது. வெளியே வந்ததும் அண்ணை கேட்டார்: "அந்தப் புத்தகத்தைத் திருப்பித் தருவினமோ? என்னட்டை ஒண்டுதான் இருக்கு." தரவில்லை.

நாங்கள் கொடுத்த மற்ற மலர்களைப் பார்த்துவிட்டுப் பொலிசார் முதலாளியை மீண்டும் அழைத்து விசாரித்தார்கள். முதலாளி சொன்ன பதில் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்: "கோயில்காரர் என்னைக் கேட்காமல் போட்டுவிட்டார்கள். தமிழ் மக்கள் மரியாதைக்காக யாரையும் உரிமையாளர் என்று எழுதுவார்கள்." ஒரு விளம்பரத்தை யாரும் கொடுக்கலாம் என்று விசாரணையை மூடினார்கள். எங்கள் சட்டக் கோரிக்கைக்கு, மேலும் ஆராயப்படும் என்று பதில் வந்தது.

அண்ணையோடு வேலை செய்வது இலகுவல்ல. இங்கரோடு மாதம் ஒரு சண்டை. நாங்கள் சட்டத்தை மாற்றத்தான் இருக்கிறோம், தனி ஒருவரைத் துரத்துவதற்கு அல்ல என்று இங்கர் சொல்வார். அண்ணை என்னைப் பார்த்து, "சொல்லு அவவுக்கு. சட்டத்தை அவ கேக்கட்டும், ஆளை நான் கேக்கிறன்," என்பார். நான் அதைக் கொஞ்சம் சர்க்கரை பூசி மொழிபெயர்ப்பேன். உடனே கண்டுபிடித்துவிடுவார். "உள்ளதைச் சொல்லு. நீ என்ன, முதலாளியின்ர ஆளோ?"

அவருடைய தண்டனையை மீளாய்வு செய்யக் கேட்கலாம் என்று ஒரு வழக்கறிஞர் முன்வந்தார். அண்ணை ஒப்பவில்லை. "என்ர பேரைத் துடைக்க வேண்டாம். அவன்ர பேரைப் பக்கத்தில எழுதுங்கோ. அது போதும்." இதைவிட அவர் எதையும் யாரிடமும் கேட்டதில்லை.

அண்ணை வைத்தியசாலையில் படுத்தபிறகு முதலாளி ஒரு தோடம்பழக் கூடை அனுப்பினார். அண்ணை அதைத் திறக்கவே விடவில்லை. திருப்பி அனுப்பச் சொன்னார். போகிற நேரத்தில் மன்னித்துவிட்டால் மனம் ஆறுமே என்று நான் ஒரு முட்டாள்தனமான வார்த்தை சொல்லிவிட்டேன். என்னை உற்றுப் பார்த்தார். "மன்னிப்பு கேட்டவனுக்குக் குடுக்கிறது. அவன் எங்கை கேட்டவன்? தோடம்பழம் எல்லோ தந்தவன்," என்றார்.

இனி இறுதிச் சடங்குக்கு வருகிறேன். கிரியைகள் முடிந்து அஞ்சலி உரைகள் தொடங்கின. ஒலிவாங்கி என் கையில். பேச விரும்புகிறவர் பெயரையும் பதவியையும் ஒரு காகிதத் துண்டில் எழுதித் தருவது நம்முடைய வழக்கம், நான் அதைப் பார்த்து அழைப்பேன். கறுப்பு மேலங்கியோடு முதலாளி வந்து நின்றார். "நானும் ரெண்டு வார்த்தை கதைக்கவேணும், தங்கச்சி. என்ன இருந்தாலும் செத்தவீட்டில பகை இல்லை." நான் பவளம் அக்காவைப் பார்த்தேன். அவர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, சரியென்று தலையை மெல்ல ஆட்டினார்.

என் பேனையையும் துண்டையும் கொடுத்தேன். பெயரை மட்டும் எழுதித் தந்தார். நான் அதைத் திருப்பிக் கொடுத்தேன். "இதுவரை கதைச்ச எல்லாரும் பதவி போட்டவை. சங்கச் செயலாளர், கடை உரிமையாளர் எண்டு. நீங்கள் வெறும் பேரோடயே போகப்போறியள்? சபையில வடிவாயிருக்குமே?" அவர் முகத்தில் ஒரு கணம் யோசனை ஓடியது. சபையைத் திரும்பிப் பார்த்தார். மண்டபம் நிறைந்த சனம். அந்த ஒரு பார்வையில் ஆள் விழுந்துவிட்டார். துண்டை வாங்கி, உள்ளங்கையில் வைத்து, அழகான கையெழுத்தில் எழுதினார். வங்குரோத்தான நிறுவனத்தின் பெயர், இப்போதைய நிறுவனத்தின் பெயர், இரண்டுக்கும் சேர்த்து 'நிறுவனர், உரிமையாளர்'. கீழே, பழக்கதோஷமாக, கையொப்பம்.

நான் ஒரு எழுத்துக்கூட விடாமல் ஒலிவாங்கியில் வாசித்தேன். கனடாவில் உள்ள உறவினருக்காகப் படமெடுத்துக்கொண்டிருந்தவர் கமராவை அவர் பக்கம் திருப்பினார். முதலாளி சபையை வணங்கிவிட்டுப் பேசினார்: "என்ர முதல் கொம்பனியை நான் தொடங்கேக்கை பக்கத்தில நிண்டவர் சிவகுரு அண்ணை. என்ர கூடப்பிறந்த சகோதரம் மாதிரி." அழவும் செய்தார். இரண்டாவது வரிசையில் இருந்த இங்கருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் இரண்டு நிறுவனங்களின் பெயர்களும் தெரியும். என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் துண்டை மடித்து என் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டேன்.

செத்தவீட்டில் செய்கிற வேலையா இது என்று சிலர் கேட்கிறார்கள். ஓம், செத்தவீட்டில் செய்கிற வேலைதான். சாமத்தியவீட்டில் வைத்து ஒரு மனிதனின் வாழ்க்கையை வாங்கலாம் என்றால், செத்தவீட்டில் வைத்து அதைத் திருப்பிக் கேட்கக் கூடாதா? துண்டையும் வீடியோப் படத்தட்டையும் பொலிசில் கொடுத்துவிட்டோம். துண்டின் பிரதியை, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்போடு, எங்கள் சட்டக் கோரிக்கையின் இணைப்பாக அமைச்சுக்கு அனுப்பினேன். தனி ஒருவரைத் துரத்தக் கூடாது என்று இம்முறை இங்கர் சொல்லவில்லை. கடித உறையில் முத்திரையை அவரே ஒட்டினார்.

பவளம் அக்கா அண்ணையின் மேலங்கியை எனக்குத் தர விரும்பினார். வேண்டாம் என்றேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய கோபத்தை. அதைச் சூடு ஆறாமல் வைத்திருக்க எனக்குத் தெரியும்.

போன வாரம் முதலாளி தொலைபேசி எடுத்தார். குரல் தணிந்திருந்தது. "தங்கச்சி, அண்டைக்கு எழுதித் தந்த துண்டு... அதைத் திருப்பித் தரேலுமே?"

"துண்டு பொலிசில. அதின்ர பிரதி அமைச்சின்ர பதிவில ஏறிட்டுது," என்றேன். "இந்த நாட்டில அது இப்ப பொது ஆவணம். ஆரும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். நீங்களும் ஒரு விண்ணப்பம் போட்டுப் பாருங்கோ."

தொலைபேசியை வைத்துவிட்டார். அன்று மதியம் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.