தாங்கியில் வெயில் இருக்கையில் பாங்கு சொன்ன போன்

உம்மாவின் நோன்பை என் மச்சான் ஒரு படத்துக்காக வீணாக்கினார் என்று நான் சொன்னால் என் அக்கா, ராத்தா, இன்றைக்கும் அழுவாள். அதனால் அவள் முன்னால் சொல்வதில்லை. இங்கே எழுதுகிறேன்.

யுத்தம் கடுமையாக நடந்துகொண்டிருந்த காலம். கண்டி டவுனில் எனக்குப் போன் திருத்தும் கடை. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவன் நான். பிறகு மாலை வகுப்பொன்றில், மென்பொருள் எழுத ஜாவா கொஞ்சம் படித்தேன். ராத்தாவின் மாப்பிள்ளையான மச்சான் கெம்பஸில் படித்து, ஒரு கம்பனியில் மென்பொருள் எழுதுகிறவர். அந்தக் காலத்துச் சின்னப் போன்களில் தொழுகை நேரத்தைக் காட்டி, நேரம் வந்ததும் பாங்கு சொல்லும் மென்பொருள் ஒன்றை அல்லாஹ்வுக்காக, ஒரு சதமும் வாங்காமல் கொடுப்பதென்று இருவரும் சேர்ந்து செய்தோம். சூரியக் கணக்கு முழுவதும் அவர் எழுதியது. நான் எழுதியது ஒரு சின்னத் துண்டு. அதுதான் பேணுதல் நிமிஷம்.

அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். சூரியன் மறையும் நேரத்தைச் சும்மா கணக்குப் போட்டால், கடல் மட்டத்தில் நிற்கிறவனுக்கு மறைகிற நேரம்தான் வரும். உயரத்தில் இருக்கிறவன் கண்ணுக்குச் சூரியன் பிந்தித்தான் மறையும். அதனால் எங்கள் பக்கத்தில் அந்தித் தொழுகையான மஃரிபுக்குச் சில நிமிஷம் கூட்டித்தான் பாங்கு சொல்வார்கள். பள்ளிவாசல் ஹஸ்ரத் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, கணக்க எப்பிடிப் போட்டாலும் பேணுதல மட்டும் உட்டுடாதீங்க" என்று சொல்லியிருந்தார். பிஸ்மில்லாஹ் சொல்லி எழுதினேன். கணக்கில் வரும் நேரத்தை எடுத்து, நிமிஷத்தைக் கூட்டி, இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கும். பதில் என்று எதையும் திருப்பிக் கொடுக்காது.

எல்லாம் சேர்ந்தபோது மென்பொருள் பெருத்துவிட்டது. ஓர் அளவுக்கு மேல் போனால் அந்தச் சின்னப் போன்கள் ஏற்றுக்கொள்ளா. இதற்கென்றே, ஜாவாவில் எழுதியது போன் வாசிக்கும் பைட்கோட் ஆக மாறியபின் அதைச் சுருக்கித் தரும் கருவி ஒன்று உண்டு. யாரும் கூப்பிடாத துண்டுகளைக் கழித்துவிடும். நீளமான பெயர்களை ஓரெழுத்தாக்கும். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, எத்தனை தரம் திரும்பத் திரும்பச் சுருக்கலாம் என்பதையெல்லாம் நாம்தான் ஒரு கோப்பில் வரிவரியாக எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த வரிகளில் ஒன்று பொல்லாதது. 'இந்தத் துண்டுகளால் வெளியில் ஒரு மாற்றமும் நடக்காது, இவற்றின் பதிலை யாரும் எடுக்காவிட்டால் கூப்பிடுகிற இடத்தையே அழித்துவிடு' என்று சொல்வது. அது உண்மையா என்று கருவி பார்க்காது. எழுதிக் கொடுத்தவனை அப்படியே நம்பும்.

அந்தக் கோப்பு மச்சானின் கையில் இருந்தது. சுருக்குவதற்கு முன்பிருந்ததை நான் கணினியில் போட்டுச் சோதித்து, சரி என்று சொன்னேன். நோன்பு தொடங்குவதற்கு முதல்நாள் அவர் சுருக்கியதைக் கொண்டுவந்தார். "பாத்தீங்களா மச்சான், அளவுக்குள்ள கொண்டாந்துட்டேன். படமும் அப்பிடியே ஈக்கி!" என்று ஒரே சந்தோஷம். படம் என்பது மென்பொருளைத் திறந்தவுடன் வரும் பள்ளிவாசல் குப்பா, குவிமாடம். லைட் மினுக்கு மினுக்கென்று மின்னும். அதன் கீழே அவருடைய பெயர், பட்டத்தோடு. சுருக்கியதை நான் மறுபடி சோதிக்கவில்லை. கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கேபிளில் ஏற்றிக் கொடுத்தேன்.

உம்மா ராத்தாவோடு அம்பிட்டியவில், மேட்டு வீட்டில் இருந்தார். பள்ளிப் பாங்கு அங்கே கேட்காது. அதுவரை ரேடியோ பாங்கைக் கேட்டுத்தான் நோன்பு திறப்பார். அந்த வருஷம் ரேடியோவை மூடிவிட்டார். "எங்கட மகன் செஞ்ச சாமான் ஈக்கக்குள்ள ரேடியோ என்னத்துக்கு?" என்று அடுத்த வீட்டுக்காரிக்கும் பெருமை பேசியிருக்கிறார். உம்மாவுக்குச் சீனி வருத்தம். நோன்பு வேண்டாம் என்றுதான் டொக்டர் சொன்னார். உம்மா அழுது, கெஞ்சி, மருந்து நேரத்தை மாற்றி எழுதி வாங்கிக்கொண்டு, அந்த ரமழான் நோன்பைப் பிடித்தார்.

முதல் பத்து நோன்பு முடிந்து ஒரு வெள்ளிக்கிழமை நோன்பு திறக்க அங்கே போனேன். மழை விட்டு வெளித்திருந்தது. கஞ்சிக் கோப்பைகளை வைத்துக்கொண்டு விறாந்தையில் உட்கார்ந்திருந்தோம். உம்மா என் காதருகில் வந்து, "மகன், நான் செல்றேண்டு கோவிக்காதீங்க. ஒங்கட போன் பாங்கு செல்லக்குள்ள எதுத்த வீட்டுத் தண்ணித் தாங்கியில வெயில் ஈக்கி" என்றார்.

மச்சானுக்குக் கேட்டுவிட்டது. "அது வெயில் இல்ல மாமி, வானத்து வெளிச்சம். ஒங்களுக்குக் கண்ணாடி மாத்தணும்" என்று சிரித்தார்.

"கலவர நேரம் கர்ஃபியூ போட்டு, பாங்கும் இல்லாம ரேடியோவும் இல்லாம ஈந்தப்ப, நான் வெயிலப் பாத்துத்தான் நோன்பு தொறந்தேன் வாப்பா" என்றார் உம்மா. "வெயில் எது வெளிச்சம் எதுண்டு எனக்குத் தெரியாதா?"

அப்போதே போன் பாங்கு சொன்னது. நான் தாங்கியைப் பார்த்தேன். கறுப்புத் தாங்கியின் மேல் விளிம்பில் மஞ்சள் வெயில் தெளிவாக இருந்தது. அதை வெளிச்சம் என்று சொல்ல எந்தக் கண்ணாடியாலும் முடியாது. உம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினேன். திரும்பிப் பார்த்தால், மச்சான் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறார்.

"துப்புங்க!" என்று கத்திவிட்டேன். வயதில் மூத்தவரிடம் நான் அப்படிக் கத்தியது அதுதான் முதல்தரம்.

"போனே சென்னதுக்குப் பொறகு என்ன?" என்றார் அவர், கொட்டையை உள்ளங்கையில் எடுத்தபடி.

வெயில் போகும்வரை நின்றோம். தொழுத கையோடு லெப்டொப்பைத் திறக்கச் சொன்னேன். அவர் நேராக அந்தக் கோப்புக்குப் போய், ஒரு வரியில் விரலை வைத்து, "ஆ, இதுதான்" என்றார். கறிக்கு உப்புக் குறைந்ததைச் சொல்கிற மாதிரி. சோதனைக்காக எழுதிய துண்டுகளை அவர் வகுப்பு என்கிற ஒரே பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தார். என் பேணுதல் நிமிஷமும் அதற்குள்தான் கிடந்தது. அளவைக் குறைக்க, அந்த வகுப்பு முழுவதையும் ஒரே வரியில் 'ஒரு மாற்றமும் செய்யாதவை' என்று எழுதிக் கொடுத்திருந்தார். கருவி நம்பியது. பேணுதலைக் கூப்பிடும் இடத்தை அழித்தது, பிறகு யாரும் கூப்பிடாததாகிவிட்ட பேணுதலையும் கழித்தது.

"இப்ப என்ன, சில நிமிஷம் தானே? கணக்குப்படி பொழுது பட்டுட்டு" என்றார் மச்சான்.

"கணக்கு கடல் மட்டத்துக்கு. நாங்க என்ன கடல்லயா குடியிருக்கிறோம்?"

"அந்த வரிய எடுத்தா போனுக்குப் பெருசாகும். ஏறாது."

"படத்த எடுங்க."

அவர் போனில் மென்பொருளைத் திறந்து, குப்பா மின்னுவதைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன். பிறகு மெதுவாக, "படம் இல்லாட்டி பாக்கிறவன் என்ன நெனைப்பான்? பெருநாள் கழியட்டும், ஆறுதலா வேற வழி பாப்போம். இந்தக் காலத்துல கேபிளும் லெப்டொப்பும் தூக்கிட்டு ஊடு ஊடாப் போக ஏலுமா? செக்பொயின்டுல புடிச்சி வெச்சாத் தெரியும். ஒருத்தருக்கும் செல்லவும் வாணாம்" என்றார்.

குசினி வாசலில் உம்மா நிற்பதை அப்போதுதான் கண்டேன். "அப்ப நான் புடிச்ச நோன்பெல்லாம்?" என்று கேட்டார். எங்களில் யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

"மாமிக்குச் சுகமில்ல தானே, நோன்புக்குப் பதிலா ஏழைகளுக்கு ஃபித்யா குடுத்தாச் சரி" என்றார் மச்சான்.

"ஃபித்யா புடிக்க ஏலாதவங்களுக்கு. நான் புடிச்சேனே வாப்பா!" என்றார் உம்மா.

அதற்குமேல் என்னால் அங்கே இருக்க முடியவில்லை. உம்மா பசியோடும் மயக்கத்தோடும் பிடித்த நோன்புகள் அவை. அவற்றை இவர் ஒரு மினுக்கு லைட்டுக்கும் தன் பெயருக்கும் கீழே போட்டு நசுக்கிவிட்டு, இப்போது யாருக்கும் சொல்லவும் வேண்டாம் என்கிறார். கருவிக்கு எழுதிய அந்தக் கோப்பை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த வரியை அழித்தேன். சுருக்கினால் மட்டும் போதும், துண்டுகளுக்குள் கை வைக்காதே என்று கருவிக்கு எழுதி வைத்தேன். பிறகு குப்பாவை எடுத்து எறிந்தேன், பெயரோடு. அளவுக்குள் வந்தது. இம்முறை ஒரு போனிலேயே ஏற்றிச் சோதித்தேன்.

அடுத்தநாள் ஹஸ்ரத்திடம் எல்லாம் சொன்னேன். "பேர் செல்ல வாணாம், விஷயத்த நான் செல்றேன்" என்றார். இரவில் தராவீஹ் தொழுகைக்குப் பிறகு அறிவித்தார்: அந்த மென்பொருளைப் பார்த்து நோன்பு திறந்து, அப்போது வெயில் இருந்ததாகத் தெரிய வந்தவர்கள் அந்த நோன்புகளைக் கழாவாகத் திரும்பப் பிடிக்க வேண்டும்; சந்தேகமுள்ளவர்கள் தன்னிடம் வந்து கேட்கலாம். பெயர் சொல்லாவிட்டாலும் ஆட்களுக்குத் தெரியாதா? கடைக்கு வந்து போனை மேசையில் அடித்து வைத்தார்கள். "ஓசியில தந்தா இப்பிடித்தான்" என்றார் ஒருவர். எல்லாவற்றையும் நான்தான் கேட்டேன். மச்சான் கம்பனிக்குப் போய்விட்டார்.

பாங்கு கேட்காத மேட்டு வீடுகளுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு நானே போனேன். மச்சான் சொன்னது சரிதான், அம்பிட்டிய வளைவு செக்பொயின்டில் பிடித்தார்கள். கேபிள்களைப் பாம்பைத் தூக்குவதுபோல் ஒரு சிப்பாய் தூக்கிப் பார்த்தான். போன்களிலுள்ள தமிழ் எழுத்தைக் கண்டதும் இன்னும் இருவரைக் கூப்பிட்டான். பிடரி எரிய வெயிலில் நிற்க வைத்தார்கள். நோன்பு திறக்கும் நேரம் பிழையாகக் காட்டுகிறது, திருத்தப் போகிறேன் என்று சிங்களத்தில் சொன்னேன். "இதுக்காகவா இந்தக் காலத்துல பையத் தூக்கிட்டு அலையிறாய்?" என்று கேட்டுச் சிரித்தான். மச்சானும் அதையேதான் கேட்டிருந்தார். சிப்பாய் மீது கோபம் வரவில்லை. அவனுக்கு நோன்பு தெரியாது.

பெருநாள் கழிந்து உம்மா அத்தனை நோன்பையும் திரும்பப் பிடித்தார். டொக்டருக்குச் சொல்லவில்லை. ஊரெல்லாம் சாப்பிடும்போது தனியாகப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதால் நானும் கூடப் பிடித்தேன், கடையை நேரத்தோடு மூடிவிட்டு அங்கே போய்த் திறந்தேன். உம்மா மெலிந்துபோனார். ராத்தா கஞ்சி காய்ச்சினாள். மச்சான் முதல் கிழமை அறையை விட்டு வெளியே வரவில்லை. பிறகு ஒருநாள், தானும் நோன்பு என்று சொல்லாமல் வந்து, விறாந்தை ஓரத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார்.

போன் பாங்கு சொன்னது. சரியான நேரம்தான், பேணுதலோடு. நான் கையை நீட்டினேன். உம்மா அசையவில்லை. எதிர்வீட்டுத் தாங்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் வெயில் எப்போதோ போயிருந்தது.

"இப்ப சரியாச் செல்லுது உம்மா" என்றேன்.

"செல்லட்டும் மகன். நான் பாத்துக்கிறேன்."

அடுத்த ரமழானிலிருந்து வீட்டில் மறுபடியும் ரேடியோ பாடியது. நான் செய்ததை உம்மா அதற்குப் பிறகு ஒருநாளும் நம்பவில்லை. என்மேல் அன்பு குறையவில்லை, அது வேறு. அந்தப் போனை மட்டும் நம்பவில்லை.

விறாந்தை ஓரத்தில் வந்து உட்கார்ந்த அன்றைக்கு மச்சான் பேரீச்சம்பழத்தை விரலிடுக்கில் பிடித்தபடி, உம்மா எப்போது தலையசைப்பார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உம்மா தலையசைத்தார். அதன் பிறகுதான் மச்சான் வாயில் வைத்தார். அதைப் பார்த்து என் மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. யா அல்லாஹ், இதை எழுதும்போதும் இளகவில்லை.