ஷேர் ஆட்டோவில் அடித்த போன்

ராயபுரத்தில் நான் ஏறிய ஷேர் ஆட்டோ, கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே திருவொற்றியூரை நோக்கி ஊர்கிறது. உள்ளே எல்லாருடைய போனும் ஸ்பீக்கரில் அலறுகிறது. என் போனும் அடிக்கிறது. அத்தை. ஜப்பான் பழக்கத்தில் சட்டென்று அமர்த்துகிறேன்.

“இன்னாத்துக்கு கட் பண்ற? எடுத்துப் பேசு நைனா,” என்கிறார் மடியில் மீன்கூடை வைத்திருக்கும் பக்கத்து இருக்கை அம்மா.

“நான் ஜப்பான்ல வேலை பாக்கறேன். அங்க ரயில்ல போன் பேச மாட்டாங்கம்மா. அடுத்தவங்களுக்குத் தொந்தரவு.”

“அப்ப வூட்ல எதுனா அவசரம்னா?”

போன் மறுபடி அடிக்கிறது. எடுத்து, வாயைக் கையால் மறைத்துக் கிசுகிசுக்கிறேன்.

“சத்தமா பேசுடா! வரும்போது எறா வாங்கிட்டு வா!” அத்தையின் குரல் ஆட்டோ முழுக்கக் கேட்கிறது.

அந்த அம்மா என் போனை நோக்கிக் குனிகிறார். “எறா என்கைல கீதும்மா! இன்னா வெலைக்கு வோணும், சொல்லு!”

மற்ற போன்கள் ஒவ்வொன்றாக அடங்குகின்றன. ஆட்டோவே ஜப்பான் ரயில்போல அமைதியாகிறது, அத்தை சொல்லப்போகும் விலையைக் கேட்க.