பதிவுத் தபாலில் போன பாடாங்

மலேசியாவில் ஈஜோக் பக்கம், செம்பனைத் தோட்டத்தை அழித்துக் கட்டிய ஒரு தாமான் குடியிருப்பில் எங்கள் வீடு. வாசலுக்கு எதிரே சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் திடல். பாடாங் என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் பிள்ளைகள் இருட்டும்வரை அங்கேயே கிடப்பார்கள். எனக்கு இனிப்பு நீர் வந்து, டாக்டர் நடக்கச் சொன்ன பிறகு நானும் மூலை வீட்டு அக்காவும் தினமும் சாயங்காலம் அதைச் சுற்றி நடந்தோம். அக்கா வாடகைக்கு இருந்தவர். ரவாங் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வந்தும் என்னைவிட வேகமாக நடப்பார்.

நகராண்மைக் கழகத்தின் ஆட்கள் மாதம் ஒருமுறை வந்து புல் வெட்டுவார்கள். திடீரென்று வருவதை நிறுத்திவிட்டார்கள். புல் முழங்காலைத் தொட்டது. ஒரு நாள் அக்காவின் காலுக்கு முன்னால் பாம்பு ஒன்று குறுக்கே போயிற்று. அக்காவுக்கு லீவு கிடைக்காததால் நான் மட்டும் கழகத்துக்குப் புறப்பட்டேன். போகும் வழியெல்லாம் என்ன சொல்லித் திட்டுவது என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

பூங்காப் பிரிவில் இருந்தது ஒரு தமிழ்ப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும். கணினியில் தேடிப் பார்த்துவிட்டு, எங்கள் பாடாங் கழகத்துடையதே இல்லை என்றார். அது வீடு கட்டிய நிறுவனத்தின் நிலம். இத்தனை காலம் தவறுதலாகப் புல் வெட்டும் பட்டியலில் இருந்திருக்கிறது. வரிப்பணத்தைத் தனியார் நிலத்தில் செலவழிக்கக் கூடாது என்று தணிக்கையில் எடுத்துவிட்டார்களாம். அப்படியானால் எங்களுக்குத் திடலே இல்லையா என்று கேட்டேன். அவர் வரைபடத்தைத் திருப்பிக் காட்டினார். வெள்ளநீர்க் குளத்துக்குப் பின்னால் நீளமாக ஒரு பச்சைக் கீற்று. அங்கே லாலான் புல்லைத் தவிர நான் எதையும் பார்த்ததில்லை. எங்கள் பாடாங் இருந்த இடத்தில் கடை வரிசை என்று எழுதியிருந்தது.

எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் எப்படிக் கடை கட்ட விடுவீர்கள் என்று குரலை உயர்த்தினேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் கோபப்படவில்லை. எழுந்து போய் திட்டப் பிரிவிலிருந்து ஒரு ஃபைலை வாங்கி வந்தார். நிலத்தை ஒட்டிய வீட்டு உரிமையாளர்கள் எல்லோருக்கும் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறார்கள். மூன்று வாரத்துக்குள் மறுப்பு எழுதிக் கொடுத்திருந்தால் விசாரணைக்குக் கூப்பிட்டிருப்பார்கள். ஒருவரும் எழுதவில்லை. தபாலைப் பெற்றுக்கொண்டதற்கான ஒரு சீட்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"ஆண்ட்டி, இது உங்க சைன் தானே?"

என் கையெழுத்துதான்.

பஸ்ஸில் எப்படி ஏறினேன், எங்கே இறங்கினேன் என்று இன்றைக்கும் நினைவில்லை. வீட்டுக்கு வந்து இழுப்பறையைக் கொட்டினேன். கோயில் அறிக்கைகளுக்கும் பழைய மின்சார பில்லுக்கும் நடுவில் அந்த உறை கிடந்தது, பிரிக்காமலே. வரிக் கடிதம் என்று நினைத்து, லோரி ஓட்டப் போன என் வீட்டுக்காரர் திரும்பட்டும் என்று போட்டிருக்கிறேன். பிறகு மறந்துவிட்டேன். உள்ளே மறுப்புப் படிவம்கூட இருந்தது. பெயரை எழுதி, இரண்டு வரி காரணம் எழுதினால் போதும்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். எங்கள் வரிசையில் வேறு யாரும்தான் எழுதவில்லையே என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை. அக்காவிடம் சொல்ல இரண்டு நாள் பிடித்தது. அவர் தம் வீட்டுக் கேட்டைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு வரலையே மா," என்றார்.

வாடகைக்காரருக்கு அந்தக் கடிதம் வராது. அக்கா வீட்டின் உரிமையாளர் எங்கோ காஜாங்கில் இருந்தார். அவருக்கு இந்தப் பாடாங் இருந்தாலென்ன, போனாலென்ன. எங்கள் தெருவிலேயே அதை அதிகம் மிதித்தவருக்குக் கேள்வி கேட்க உரிமை இல்லை. உரிமை இருந்த நான் கடிதத்தைப் பிரிக்கவில்லை. அக்கா என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கழகத்துக்குத் தாமதமாக ஒரு மறுப்பு எழுதினேன். காலம் கடந்துவிட்டது என்று பதில் வந்தது. சில மாதங்களில் தகர வேலி எழுந்தது. இயந்திரம் மண்ணைப் புரட்டிய காலையில் நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

பூங்காப் பிரிவுப் பெண்தான் பிறகு போன் செய்து சொன்னார்: அடுத்த வருட வரவுசெலவுத் திட்டத்துக்கு முன்னால் மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் நடக்கும், யார் வேண்டுமானாலும் வரலாம், வாடகைக்காரரும் பேசலாம். அக்காவைக் கூப்பிட்டேன். வருவார் என்று நினைக்கவில்லை, வந்தார். பெரிய மண்டபம், எங்கள் தாமானிலிருந்து நாங்கள் இரண்டு பேர்தான். எல்லோருடைய பொழுதுபோக்கும் இத்தனை காலியான நாற்காலிகளுக்கு முன்னால்தான் முடிவாகிறது என்பதை நம்ப முடியவில்லை. அக்கா ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மலாயில், குளத்துக்குப் பின்னால் இருக்கும் பச்சை நிலத்தில் ஒரு நடைபாதை வேண்டும் என்று மட்டும் கேட்டார். எழுதிக்கொண்டார்கள்.

நடைபாதை வந்தது. ஆனால் அது முடிவதற்குள் அக்கா செரண்டாவுக்கு வேலை மாறிக் குடிபெயர்ந்துவிட்டார். படம் எடுத்து அனுப்பினேன். சாயங்காலம் பதில் வந்தது.

"லைட்டு போட்டாங்களா?"

போடவில்லை. அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்க, மறுநாளே கழகத்துக்குப் போன் செய்தேன்.