எட்டுப் பாடமும் பாஸ்

வட்டகொடை ஸ்டேஷனில் எங்கள் ரயில் நிற்கிறது. எதிரே வரும் ரயில் பாஸாக வேண்டுமாம். இடுப்பில் சாக்குக் கட்டிய, தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா ஜன்னல் ஜன்னலாகத் தட்டிக்கொண்டு ஓடி வருகிறார்.

"பாஸ்! பாஸ்!"

என் கை தானாகச் சட்டைப்பைக்குள் போகிறது. நான் யாழ்ப்பாணத்து வாத்தியார். வவுனியா ராணுவச் சோதனைச் சாவடியைத் தாண்டியதிலிருந்து அந்தச் சொல் காதில் விழுந்தாலே பயண அனுமதித் தாளை எடுத்து நீட்டிப் பழகிவிட்டேன். இப்போதும் நீட்டுகிறேன்.

அவர் தாளைப் பார்க்கிறார். பிறகு என்னைப் பார்க்கிறார்.

"என்னாங்க சார் இது? எம்மக பாஸுங்க! ஓ லெவல்ல எட்டுப் பாடமும் பாஸு! எங்க லயத்து வீடுங்கள்ல இதான் மொத தடவ!"

தாளின் மேலேயே ஒரு லட்டை வைக்கிறார். பெட்டியே சிரிக்கிறது. எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

"மகள் எங்கை அம்மா?"

"அந்தா, வெக்கப்பட்டுக்கிட்டு நிக்குதுங்க."

கம்பத்துக்குப் பின்னால் ஓர் இரட்டைப் பின்னல் மட்டும் தெரிகிறது.

"மேல படிக்க விடுவியளோ?"

"தோட்டத்துல வேலைக்குப் பேரு பதியச் சொன்னாங்க. முடியாதுன்னுட்டேங்க. ஹட்டனுக்குப் படிக்க அனுப்பப் போறேன்."

எதிர் ரயில் இரைந்துகொண்டு வருகிறது. அது இங்கே நிற்காது. அவர் அந்தப் பக்கம் ஓடிச் சேர முடியாது. நான் மறுபக்க ஜன்னலுக்குப் பாய்ந்து, வகுப்பில்கூடப் போடாத சத்தம் போடுகிறேன்.

"பாஸ்! எட்டுப் பாடமும் பாஸ்!"

கடந்து போகும் பெட்டிகளில் யார் யாரோ, யார் பாஸென்று தெரியாமலே கை தட்டுகிறார்கள்.